ரெஜிலாவின் நெற்றி

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அந்த ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க ஏறி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ரெஜிலாவின் முகத்தைத்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடந்து வந்தது. பெண்ணின் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வெள்ளை மெத்தையில் முதல் புடவையை அவள் உதறி விரிக்கும்போதே வந்தவர்கள் பாதி சம்மதித்திருப்பார்கள். அவளிடம் பட்டெடுத்துப் போனவர்கள் பிறகு தங்கைமாரையும் நாத்தனார்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்த அக்கா இருக்கிறாளா என்று கீழேயே விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

அவளுடைய நெற்றியில் இரண்டு புருவங்களுக்கும் நடுவே, மேலிருந்து கீழாக, ஆழமாக இரண்டு கோடுகள் உண்டு. அதற்கு மேலே குறுக்காகவும் சில. நாற்பத்தெட்டு வயதுக்கு அது அதிகம். சிரிக்கும்போதுகூட அந்த இரண்டு கோடுகள் அழியாமல் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் பார்த்தால், என்னவோ கோபத்தில் இருக்கிறாள் என்றோ, விலையைக் கேட்டதற்கு முறைக்கிறாள் என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவை கோபத்தில் விழுந்த கோடுகள் அல்ல. எப்படி விழுந்தன என்பது அவள் புருஷன் ஜான்ரோசுக்கும் மகன் பெனினுக்கும் மட்டும்தான் தெரியும்.

ரெஜிலா அருமனைக்காரி. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் படித்தாள். சபையில் பாட்டுக் குழுவில் பாடினாள். இருபத்திரண்டாவது வயதில், சிதறால் பக்கம் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த ஜான்ரோசுக்கு வாக்கப்பட்டாள். அடுத்த வருஷமே பெனின் பிறந்தான். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம், பாயில் அவனைத் தூங்கப் போட்டுவிட்டு அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு மேலே சாய்ந்து நின்ற பிலா மரத்திலிருந்து முற்றின சக்கைப்பழம் ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின்மேல் விழுந்தது. வெடியோ என்று அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஷீட் உடைந்து தூசி கொட்டியது. குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அவள் பதறி அவனை வாரி எடுத்த பிறகுதான் விழித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அழுதான்.

திருவனந்தபுரத்தில் கொண்டுபோய்க் காட்டினார்கள். காது நரம்பு பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்றார்கள். கருவி மாட்டிப் பார்த்தார்கள். அவன் அதைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தான். பிறகு காது கேளாதோர் பள்ளி, விடுதி. அங்கே வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். அது அவனுக்கு முழுசாக வரவில்லை. எழுத்தும் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் தாயும் மகனும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மீசையை முறுக்கினால் அப்பா. கையில் ஊசி குத்துவதுபோல் காட்டினால் ஆஸ்பத்திரி. நெஞ்சருகே முஷ்டியை நடுக்கினால் பயம். இரண்டு விரலைப் புருவத்துக்கு நடுவே வைத்துக் கீழே இழுத்தால் அம்மா. அவன் அவளுக்கு வைத்த பெயரே அதுதான்.

அந்தப் பேச்சில் கை பாதி, முகம் பாதி. சோறு என்று கையால் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் ‘சாப்பிட்டியா’ என்று கேள்வி. அதே கையோடு புருவத்தை நெரித்தால் ‘ஏன் சாப்பிடல்ல’. புருவம் சும்மா இருந்தால் ‘சாப்பிடு’, அவ்வளவுதான். யார், எங்கே, எதற்கு, எங்கே வலிக்கிறது, உன்னை யார் அடித்தது, எல்லாம் நெற்றியில்தான் இருந்தது. மற்றவர்கள் குரலை ஏற்றி இறக்கிச் சொல்வதை அவள் புருவத்தை ஏற்றி இறக்கிச் சொன்னாள். வருஷக்கணக்காக அப்படிக் கேட்டுக் கேட்டு விழுந்த கோடுகள் அவை.

பெனின் வளர்ந்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். கேக்கின் மேல் கிரீமில் பூவும் கொடியும் வைக்கிற வேலை. அவனைப் போலவே காது கேளாத பையன்கள் அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ரெஜிலா கடையின் பின்படிக்கட்டில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவனை வீடியோவில் கூப்பிடுவாள். ஒரு கையில் போன் இருக்கும். பேசுவதற்கு மிச்சம் ஒரு கைதான். அதனால் அந்தச் சின்னத் திரையில் பெரும்பாலும் முகமே பேசியது. ஜான்ரோஸ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இதைப் பார்க்க நேரும்போதெல்லாம் சிரிப்பான். நானும் இத்தனை வருஷமா பாக்குதேன், நீங்க ரெண்டுபேரும் என்ன பேசுதியன்னு எனக்குப் பாதிதான் வெளங்கும் என்பான்.

கடை கைமாறியது. பழைய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தான். மாடி முழுக்கக் கண்ணாடி பதித்து, விளக்கு மாற்றி, புடவை விரிப்பதைப் போனில் படமெடுத்துப் போட ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு வரத்தான் செய்தார்கள். கூடவே கருத்தும் எழுதினார்கள். பட்டுப் பிரிவில் நிற்கும் அந்தப் பெண் முறைக்கிறாள், சிரித்த முகமாக யாரையாவது போடுங்கள் என்று ஒருத்தி எழுதினாள். அதற்குக் கீழே இன்னும் சிலர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

மேலாளர் பொன்னுலிங்கம் நல்ல மனுஷர். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நீ தப்பா நெனைக்கப்பிடாது கேட்டியா. ஒனக்க வேலையில ஒரு கொறையும் இல்ல. மொகத்த வச்சாக்கும் பேச்சு.”

ஓணம் வியாபாரம் முடிந்ததும் அவளைக் கீழே பேக்கிங்குக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். அவள் சரி சார் என்றாள். அன்றைக்கு வேலை முடிகிற வரைக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுக் கண்ணாடிகளில் தன் முகம் நிற்பதை அவள் பார்த்தாள். பிள்ளைக்காக எத்தனையோ வருஷம் அந்த முகத்தை உபயோகித்திருக்கிறாளே தவிர, அதை நின்று பார்த்ததில்லை. போன மாதம் அருமனையில் ஒரு கல்யாணத்தில், கூடப் படித்த ஒருத்தி அவளை அடையாளம் தெரியாமல் ஜான்ரோசின் அக்கா என்று நினைத்துப் பேசியது அப்போது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் சிரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கூட வேலை செய்யும் பெபிஷாதான் வழி சொன்னாள். சின்னப் பெண், கல்யாணமாகாதவள், ரெஜிலாவிடம் உயிராக இருப்பவள். கடைக்கு எதிர்ப்புறம் ஒரு ஸ்கின் கிளினிக் இருந்தது. கல்யாணப் பெண்களுக்கென்று கடையும் கிளினிக்கும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்திருந்ததால் கடைப் பெண்களுக்கும் சலுகை உண்டு. போடாக்ஸ் என்று ஒரு ஊசி, நெற்றியில் அங்கங்கே போடுவார்கள், எறும்பு கடித்த மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் கோடெல்லாம் மறைந்துவிடும் என்றாள். மூன்று நாலு மாதம் நிற்கும், பிறகு தானாகவே போய்விடும், வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கோடு மறைந்துவிட்டால் கீழே அனுப்பவே மாட்டார்கள் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

ரெஜிலா அதைப் பல நாள் மனதில் போட்டு உருட்டினாள். பாவமோ என்று ஒரு யோசனை வந்தது. இந்த வயதில் இதென்ன என்று ஒரு வெட்கம் வந்தது. கடைசியில், ஜான்ரோஸ் லோடோடு கொல்லத்துக்குப் போயிருந்த ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைக் கடந்து போய் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

டாக்டர் பொறுமையான பெண். என்னென்ன நோய் உண்டு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். தசையை ஆறவைக்கிற மருந்து இது, சில நாளில் பிடிக்கும், பிடித்த பிறகு புருவத்தை நெரிக்க வராது, உயர்த்தவும் அவ்வளவாக வராது, அது மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம் என்று விளக்கினார். பிறகு புருவத்தை நெரிக்கச் சொல்லிப் பார்த்தார். விரலை வைத்து அழுத்திவிட்டு, இந்தத் தசை நல்ல பலமாக இருக்கிறது, தலைவலி அடிக்கடி வருமோ, கண் பார்வையில் ஏதாவது குறையோ என்று கேட்டார். ரெஜிலா இல்லை என்றாள். மகனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் கதை நீளும், சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். ஊசி உண்மையிலேயே எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

சில நாளில் மருந்து பிடித்தது. ஒரு காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவள் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கோடுகள் இல்லை. கண்ணைச் சுற்றி இருந்த களைப்புகூடக் குறைந்ததுபோல் இருந்தது. பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த அருமனைப் பெண் எங்கேயோ போயிருந்துவிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாததால் அன்றைக்கு வீடு முழுக்கக் கழுவினாள்.

ஜான்ரோஸ் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டே, ஏற்றின அன்னாசிப் பழத்துக்காகக் குரங்குகள் வண்டியை மறித்த கதையை அளந்துகொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினான்.

“ஏட்டி, நான் இவ்வளவு பெரிய பொளுவச் சொல்லுதேன், நீ நம்புதியா நம்பல்லியான்னே தெரியல்லியே.”

அவள் உண்மையைச் சொன்னாள். அவன் கிட்டே வந்து விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்படவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டான்.

“பெனினிட்ட சொன்னியா?”

“மூணு மாசத்துல போற காரியம். அவன்கிட்ட எதுக்காக்கும் சொல்லுகது? அம்மைக்கு இந்த வயசுல பவுசப் பாருன்னு நெனைப்பான்.”

“சொல்லிரு பிள்ளே. அவன் ஒனக்க மொகத்த வச்சுத்தான் எல்லாம் அறியுதான்.”

அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேளையும் வந்தது. மருந்து பிடித்த அந்த வாரத்திலேயே பெனின் திரையில் அவளை உற்றுப் பார்த்து, என்மேல் கோபமா என்று கேட்டான். இல்லை என்று கையாட்டினாள். தூக்கமில்லையா என்று கேட்டான். ஆமாம், ஓணம் கூட்டம், அலுப்பு என்றாள். போனை அசைத்துக் காட்டி, படிக்கட்டில் வெளிச்சம் போதாது என்றும் சொன்னாள். ‘சாப்பிட்டியா’ என்று அவள் கேட்டது அவனுக்கு ‘சாப்பிடு’ என்று தெரிந்தது. அவன் தலையாட்டினான். சில நாள் இப்படிப் பேச்சு பிசகியது. பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அம்மாவின் முகம் இப்போது இப்படித்தான் என்று அவனுக்குப் பழகியிருக்க வேண்டும். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். கடையில் அவளைக் கீழே அனுப்பும் பேச்சே அடங்கிப்போயிருந்தது. முதலாளி ஒருநாள் அவளையே நிற்க வைத்துப் படமெடுத்துப் போட்டான். அந்த ஒரு மாதம் அவள் வாழ்க்கையில் நல்ல மாதம்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்தது. அருமனைக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், வண்டி இறங்காத இடத்திலிருந்து அன்னாசிப் பழத்தைச் சுமந்து ஏற்ற வேண்டியிருந்தது. காலில் ஏற்கெனவே ஒரு முள் கீறல். அதோடு ஜான்ரோஸ் தேங்கின வெள்ளத்தில் நாள் முழுக்க நடந்தான். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. மழைக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டான். கால் சதையெல்லாம் பிடுங்கி எடுக்கிற வலி என்றான். வியாழக்கிழமை காலையில் அவன் கண்கள் மஞ்சளாக இருந்தன. அவனுடைய தம்பி ஜெபிஷ் காரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். கிட்னியைப் பிடித்துவிட்டது, கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பார்க்கலாம் என்றார்கள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

ரெஜிலா வராந்தாவில் நின்று பெனினை வீடியோவில் கூப்பிட்டாள்.

தூர ஊரில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உள்ளதை அப்படியே சொல்ல மாட்டோம். ஒன்றுமில்லை, சும்மா ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்போம். சொல்கிற குரலில் மற்றது எல்லாம் இருக்கும். கேட்டவன் அடுத்த வண்டி ஏறிவிடுவான். ரெஜிலாவும் அதைத்தான் செய்தாள். மீசையை முறுக்கிக் காட்டினாள், கையில் ஊசி குத்திக் காட்டினாள், வா என்றாள். பெனின் கையிலிருந்த கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சருகே முஷ்டியை நடுக்கிக் காட்டினான். பயமா என்று கேட்கிறான். அவள் இல்லை என்று கையை விரித்தாள். பயமில்லை, வா.

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. படித்துவிட்டான் என்று நினைத்தாள். தன்னுடைய நெற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அந்த நேரம் மறந்தே போயிருந்தது. உள்ளே அவள் நெரித்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே அது தெரியவில்லை. அவன் முகம் தெளிந்தது. வருகிறேன் என்று காட்டினான். நர்ஸ் கூப்பிட்டாள், அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள். ஜெபிஷ் கேட்டதற்கு, அவன் மனசிலாக்கிட்டான், ராத்திரி வண்டிக்கு ஏறிருவான் என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் பெனின் வரவில்லை. வண்டி தாமதமாக இருக்கும் என்று இருந்தார்கள். அவனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பகல் முழுக்க ஜான்ரோசுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓடியது. சாயங்காலம் அவள் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. பெனின் அனுப்பியது. மூன்று அடுக்குக் கல்யாணக் கேக். அடுக்கு அடுக்காக வெள்ளை ரோஜாப்பூ, ஓரமெல்லாம் பொடிக் கொடி. அதன் கீழே அவனுடைய எழுத்தில் ஒரு வரி: அப்பா காட்டு. பெரிய கேக் நான் தனி செய்தேன். ஞாயிறு வருவேன்.

ரெஜிலா அந்தப் படத்தை ஜெபிஷிடம் நீட்டினாள். ஜெபிஷ் பேக்கரியின் எண்ணைத் தேடிப் பிடித்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னான். அவர்களே பெனினை ஸ்டேஷனில் கொண்டுபோய் வண்டி ஏற்றினார்கள். அவன் நாகர்கோவிலில் வந்து இறங்குவதற்கு முன்பே, சனிக்கிழமை விடியும்போது ஜான்ரோஸ் போய்விட்டான்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ரெஜிலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டியது, வாய் கோணியது, ஆனால் கண்ணுக்கு மேலே எல்லாம் அமைதியாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவள்போல் இருந்தது. அவளுடைய மருந்தைப் பற்றித் தெரியாத பெண்கள் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை செத்துக் கிடக்கான், அவளுக்க மொகத்துல ஒரு மாற்றமும் இல்ல பாத்தியா என்று பின்னால் ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது.

பெனினை ஜெபிஷ் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் விரல் இடுக்கில் இன்னும் கிரீமின் பிசுக்கு இருந்தது. அப்பாவின் காலடியில் நின்றான், முகத்தைத் தொட்டான், கத்தினான். தன் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரியாதவனின் கத்தல் அது. பாட்டு நின்றுவிட்டது. பிறகு அவன் அம்மாவின் முன்னால் வந்து முட்டி போட்டான். முஷ்டியை நெஞ்சருகே நடுக்கிக் காட்டினான், இல்லை என்று கையை விரித்துக் காட்டினான். நீ இல்லை என்று சொன்னாயே என்றான். அவள் கைகளைத் தூக்கினாள்.

அவன் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் புருவத்துக்கு நடுவே தடவினான். மேலும் கீழும் தடவினான். அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. எங்கே என்று கேட்டான். அவள் கையில் ஊசி குத்துவதுபோல் காட்டி, பிறகு நெற்றியைத் தொட்டாள். ஆஸ்பத்திரி என்கிறாள் என்று முதலில் நினைத்தான். அவள் மறுபடி காட்டினாள். நெற்றியில் ஊசி. நானே போட்டேன். அழகுக்கு. அழகு என்பதற்கு அவர்கள் சின்ன வயதில் வைத்த அடையாளம் கன்னத்தில் பவுடர் பூசுவது. புருஷனின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை பேர் பார்க்க அவள் கன்னத்தில் பவுடர் பூசிக் காட்டினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அவளை அடிக்கவில்லை, தள்ளவில்லை. கையை எடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். காது கேட்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்வது அவன் காதில் விழும். பெனின் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வரும் வரைக்கும், அதன் பிறகு வந்த நாட்களிலும், அவள் எதிரே வந்தாலே அவன் கண் வேறெங்கோ போனது. துக்க வீட்டில் வைத்த ஜெபம் முடிந்த மறுநாள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான்.

அவள் பழையபடி படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிடுவாள். மணி போகும். எடுக்க மாட்டான். சாயங்காலம் எழுத்தாக ஒரு வார்த்தை வரும். சாப்பிட்டேன். நல்லா. வேலை. கிறிஸ்துமசுக்கு வரவில்லை. கிளினிக்கிலிருந்து, மருந்து விடுகிற நேரம் ஆயிற்று, மறுபடி போட வருகிறீர்களா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் வேண்டாம் என்றாள். பொன்னுலிங்கத்திடம் போய், தன்னைக் கீழே பேக்கிங்குக்கே அனுப்பிவிடும்படி அவளாகவே கேட்டுக்கொண்டாள். அவர் காரணம் கேட்கவில்லை. பெபிஷாதான் அழுதாள். எல்லாம் என்னாலதான் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரெஜிலா அவளைச் சமாதானப்படுத்தினாள். நீ ஊசியத்தான் சொன்ன மக்கா, பொய்யச் சொல்லச் சொல்லல்லியே என்றாள்.

தை மாதத்துக்குள் நெற்றி அசைய ஆரம்பித்தது. முதலில் இடது புருவம், பிறகு மற்றது. கோடுகள் லேசாகத் தெரிந்தன. ரெஜிலா லீவு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். பேக்கரியின் உள்கட்டில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெனின் நின்றான். கூட இருந்த பையன்களோடு கையால் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அத்தனை ஓட்டம். அவனை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள். அவளைக் கண்டதும் அவன் சிரிப்பு நின்றது. ஆனால் வெளியே வந்தான். பக்கத்துக் கடையில் சாயா வாங்கிக் கொடுத்தான். மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவள் புருவத்தை நெரித்து, என்மேல் கோபமா என்று கேட்டாள். அவன் அதைப் பார்த்தான். கோபமில்லை என்றான். பிறகு சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அந்தக் கேக்கை அவ்வளவு அழகாகச் செய்தேன். இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன் அம்மா. அப்பா செத்துக்கொண்டிருக்கும்போது நான் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழுதாள். இந்தத் தடவை முகம் முழுசாக அழுதது. அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். அன்று சாயங்காலம் பஸ் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டுத்தான் போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவதாகவும் சொன்னான். சொன்னபடியே கூப்பிடவும் செய்கிறான்.

ஆனால் ஒன்று மாறிப்போயிற்று. அவள் கையாலும் முகத்தாலும் எதைச் சொன்னாலும் அவன் பார்ப்பான், தலையாட்டுவான், பிறகு உள்ளங்கையில் விரலால் கிறுக்கிக் காட்டுவான். எழுது என்று அர்த்தம். அவள் எழுதி அனுப்புவாள். சாப்பிட்டேன். முட்டு வலி இல்லை. சித்தப்பா வீட்டில் எல்லாரும் சுகம். அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, மறுபடி அவள் முகத்தைப் பார்ப்பான், மறுபடி எழுத்தைப் பார்ப்பான். கோடுகள் எல்லாம் முன்போல ஆழமாக வந்துவிட்டன. அவளும் எவ்வளவோ தெளிவாகப் புருவத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள்.

போன பங்குனியில் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் முகத்தைப் பார்த்ததுமே பெனின் கேட்டான். காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல், பயமில்லை என்று காட்டினாள். எழுது என்றான். சாதா காய்ச்சல், மாத்திரை போட்டேன், பயம் இல்லை என்று எழுதினாள். அவன் படித்தான். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனே எழுதினான்: சித்தப்பா போன் கொடு.

ரெஜிலா காய்ச்சலோடு எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் முற்றத்தைக் கடந்து ஜெபிஷின் வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபிஷ் என்ன மைனி என்று எழுந்து வந்தான். அவள் போனை அவனிடம் நீட்டினாள். அவன் எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஒன்றுமில்லை மோனே, சுகமாத்தான் இருக்கா என்று வாயைப் பெரிதாக அசைத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அந்தப் பக்கத்தில் பெனின் அவனை என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். ரெஜிலா வாசற்படியில் உட்கார்ந்து, போன் தன் கைக்குத் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.